கவிழ்த்த செம்பு

அந்த ஆஸ்பத்திரிக்குள் முதன்முதலில் நுழைந்தபோது இனியாவுக்குப் பயமாக இல்லை. பயப்பட நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி. ஆட்டோவின் பின் இருக்கையில் அவள் கணவன் அகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழுவாய்த் துடித்துக்கொண்டிருந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். வரிச்சிக்குடியில் அவனைத் தெரியாத வயல்காரர் கிடையாது. சீசன் முடிந்த கையோடு கூட்டாளிகளுடன் உட்கார்ந்தவன், சோறு தண்ணி மறந்து குடித்திருக்கிறான். காரைக்காலில் அதற்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? கணையம் வீங்கி, அதைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு, காய்ச்சலும் கண்டுவிட்டது.

இனியா அப்போது நாலு மாதம். மாசமாக இருக்கிற பெண் ஆஸ்பத்திரியில் தங்கக் கூடாது என்று மாமியார் அஞ்சுகம் குதித்தாள். குதித்து என்ன செய்ய? அவளுக்கு முட்டி வலி, கீழே உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். கடைசியில் இனியா தங்குவது, அஞ்சுகம் மதியம் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவது என்று முடிவானது.

வராந்தாவின் கோடியில் இரண்டு கட்டில் போட்ட அறை கிடைத்தது. பழைய காலத்துக் கட்டடம். ஆளுயரத்துக்கு மேல் போகும் ஜன்னல்கள், ஈரத்தில் உப்பிப்போய்ப் பாதிதான் திறக்கும். டெட்டால் நெடிக்கு அடியில் அரசலாற்றுச் சேற்றின் வாடை எப்போதும் லேசாக இருந்துகொண்டே இருந்தது.

மறுநாளே அகரனை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டப்பகலிலும் இருட்டாக வைத்திருக்கும் அறை அது. அவன் பயந்து முரண்டு பிடித்ததால், டாக்டர் சிவராமன் இனியாவையும் உள்ளே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"பாத்தியாம்மா? இந்தப் படத்துல கறுப்பாத் தெரியுதுல்ல, அது அத்தனையும் தண்ணி. அது உள்ள கெடக்குற வரைக்கும் காய்ச்சல் விடாது. வடிச்சுட்டா உன் வீட்டுக்காரர் பொழச்சுக்குவாரு."

திரையைப் பார்த்தபடியே விலாவுக்குக் கீழே நீளமான ஊசியை இறக்கினார். கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல நுழைந்து நின்றது. ஊசி போன வழியில் மெல்லிய கம்பி, கம்பியின் மேல் ஒரு குழாய். குழாயின் நுனி உள்ளே சுருண்டு பிடித்துக்கொண்டது. மறுமுனையில் ஒரு பை. காவியும் பழுப்புமாக நீர் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கத் தொடங்கியதும் இனியா அழுதுவிட்டாள்.

"பை எப்பவும் கட்டிலுக்குக் கீழதான் தொங்கணும். வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. நான் சொல்ற வரைக்கும்" என்றார் டாக்டர்.

அறையின் ஜன்னலோரக் கட்டிலில் சோமசேகரன் என்ற பெரியவர் கிடந்தார். குடலில் ஓட்டை விழுந்து, அவருக்கும் வயிற்றிலிருந்து இதே மாதிரி ஒரு குழாய், இதே மாதிரி ஒரு பை. அவருக்கும் வாய்வழி ஒன்றும் கிடையாது. ஒரே மகன் பிரான்சில். போன் வரும், ஆள் வரமாட்டான். கூலிக்கு வைத்த ஆள் காலையில் தலைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் போனதுதான்.

பெரியவரின் தலைமாட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. தினமும் காலையில் இனியாவை அதில் புதுத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்வார்.

"பெரியப்பா, குடிச்சிடாதீங்க. நர்ஸம்மா என்னையத்தான் திட்டும்."

"குடிக்கலை ஆயி. பக்கத்துல இருந்தாப் போதும். பாத்துக்கிட்டே கெடப்பேன்."

அப்படித்தான் கிடந்தார். நாள் முழுக்க முகம் செம்பின் பக்கமே திரும்பியிருக்கும். வறண்ட நாக்கால் உதட்டைத் தட்டுவார். ச்சப். சற்று நேரம் கழித்து மறுபடியும், ச்சப். முதலில் பாவமாக இருந்தது. போகப்போக அந்தச் சத்தம் கேட்டாலே இனியாவுக்கு எரிச்சல் வந்தது. வயிற்றில் பிள்ளையும் கண்ணெதிரே சாகக் கிடக்கும் புருஷனுமாக இருப்பவளிடம் எவ்வளவு பொறுமைதான் மிஞ்சும்?

ஒரு மதியம் பெரியவருக்கு மூச்சு இழுத்தது. கண் செருகிய நிலையிலும் விரல் செம்பைக் காட்டியது.

"ஆயி... ஒரு வாய்..."

செம்பு அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு பஞ்சை நனைத்து உதட்டில் வைத்திருக்கலாம். அவளோ டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட ஓடினாள். நர்ஸ் நௌஷினும் அவளுமாகத் திரும்பி வந்தபோது பெரியவர் செம்பைப் பார்த்தபடியே அடங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது.

உடலைக் கொண்டுபோன பிறகுதான் அஞ்சுகம் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். விஷயம் தெரிந்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ புள்ள, சாவு விழுந்த எடத்துல தண்ணி வச்சிருக்கலாமா? இதுகூடவா சொல்லிக் குடுக்கணும்? எல்லாத்தையும் கொட்டு மொதல்ல!"

அது அவர்கள் வீட்டு வழக்கம், ஊர் வழக்கமும் அதுதான். சாவு விழுந்தால் குடத்துத் தண்ணீரிலிருந்து குளியல் தொட்டி வரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். இனியா தன் தண்ணீர் பாட்டில், பிளாஸ்க், முகம் கழுவ வைத்திருந்த வாளி எல்லாவற்றையும் கொட்டினாள். கடைசியாகப் பெரியவரின் செம்பை எடுத்தாள். காலையில் அவள் கையால் பிடித்து வைத்த தண்ணீர், தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அதையும் கொட்டி, ஜன்னல் திட்டில் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

அறையில் ஈரமென்று எதுவும் மிச்சமில்லை.

அகரனின் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைத் தவிர.

மறுநாள் மதியம். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆஸ்பத்திரியே கண் அயர்ந்திருந்தது. காலையில் பாதிக்கு மேல் நிறைந்திருந்த பையைப் பார்க்கக் குனிந்தவள் திகைத்துப்போனாள். பையில் ஒன்றுமே இல்லை. கொட்டியிருந்தால் தரையில் இருக்க வேண்டும், தரை காய்ந்திருந்தது. பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, பிள்ளைகள் உறிஞ்சிப் போட்ட தண்ணீர்ப் பாக்கெட் மாதிரி.

"சிஸ்டர், பையை நீங்க கொட்டினீங்களா?"

"நான் எங்க கொட்டுனேன்? நீங்க கொட்டிட்டு என்கிட்ட சொல்லலையோன்னு நெனச்சேன். அளவு எழுதணும்ல?" என்றாள் நௌஷின்.

குழாய் அடைத்துக்கொண்டதோ என்று டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை. உள்ளே இருந்த கறுப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது.

"அட! நான் நெனச்சதைவிட வேகமா வத்துதே. நல்ல சேதிதாம்மா இது."

அன்று சாயங்காலமே அகரனுக்குக் காய்ச்சல் இறங்கியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அடுத்த நாள் மதியம் இனியா தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் போட்டுப் படுத்திருந்தாள். ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி கடகடத்தது. வராந்தாவில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

பிறகு மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.

அந்த அமைதியில்தான் கேட்டது.

ச்சப்.

சத்தம் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் தலையை மெல்லத் திருப்பினாள். பை அவள் முகத்துக்கு நேரே தொங்கியது. அதன் அடிப்பக்கம் யாரோ வாய் வைத்த மாதிரி உள்ளே குழிந்திருந்தது. பழுப்பு நீரின் மட்டம் இறங்கியது. நின்றது. ஒரு மடக்கு விழுங்கும் நேரம். மறுபடி இறங்கியது.

அங்கே யாரும் இல்லை. வாயும் இல்லை, முகமும் இல்லை. பை மட்டும் குழிந்து குழிந்து வற்றியது. காய்ச்சல்காரன் வாயிலிருந்து வருகிற புளித்த வாடை அவள் மூக்கின் மேல் சூடாக வீசியது.

சீழும் நிணமும் கலந்த அந்த நீரைக் குடிக்க எவ்வளவு தாகம் வேண்டும்?

அவள் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் மேலே கட்டிலில் அகரன் நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பை வற்ற வற்ற அவன் வயிறும் வற்றுகிறது, அவன் பிழைக்கிறான். இதை வெளியே சொன்னால் அறையை மாற்றுவார்கள், அஞ்சுகம் பூசாரியைக் கூட்டிவருவாள், வந்தது போய்விடும். போய்விட்டால் உள்ளே மறுபடி நீர் கோத்துக்கொண்டால்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இனியா அப்படியே கிடந்தாள். குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் மட்டுமென்ன, அவள் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாம் முறை ஸ்கேனில் கறுப்பே தெரியவில்லை. டாக்டர் சிவராமன் அகரனின் தோளைத் தட்டினார்.

"நாளைக்குக் குழாயை எடுத்துடலாம். இனிமே பாட்டிலைத் தொட்டே, நானே உன்னைய அரசலாத்துல தள்ளிவிடுவேன்."

அகரன் சிரித்தான். இனியாவும் சிரித்தாள். வயிற்றில் நீர் தீர்ந்துவிட்டது, சரி. தாகம் தீர்ந்ததா என்று அவள் யோசிக்கவே இல்லை.

மறுநாள் விடிந்தபோது அகரனின் கண்கள் குழிக்குள் போயிருந்தன. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் காலியானது. நௌஷின் இன்னொன்று மாட்டினாள். அதுவும் போனது. சிறுநீர் ஒரு சொட்டு வரவில்லை. காலையில் இரண்டு வாய் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். இறக்கினாலும் தொண்டை நனையவில்லை என்று அகரன் கையை ஆட்டினான்.

டாக்டர் ஸ்கேன் மெஷினைக் கட்டில் அருகிலேயே தள்ளிக்கொண்டு வந்தார். இந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை.

"என்னம்மா இது? பெரிய ரத்தக்குழாயே வத்திப்போய் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இவ்வளவு ஏத்தியும் எங்க போவுது தண்ணி? இப்படியே போனா கிட்னி தாங்காது. தஞ்சாவூருக்கு அனுப்புறேன். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

அவரும் நௌஷினும் போன் பேச வராந்தாவுக்கு ஓடினார்கள். இனியா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அகரன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. வறண்ட நாக்கு உதட்டைத் தட்டியது.

ச்சப்.

அது அகரனின் சத்தம் இல்லை.

அவன் முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. வெறித்த கண்கள் திட்டின் மேல் கவிழ்ந்து கிடந்த பித்தளைச் செம்பில் போய் நின்றன.

இனியாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ஒரு வாய் கேட்ட மனுஷனுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே செத்த தண்ணீரையாவது விட்டுவைத்தாளா என்றால், அதையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். வேறு என்னதான் குடிப்பார் அவர்?

செம்பைத் தூக்கிக்கொண்டு வராந்தாக் குழாய்க்கு ஓடினாள். வயிற்றில் பிள்ளை இருப்பதுகூட மறந்துவிட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, காலியாகக் கிடந்த ஜன்னலோரக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். தரையில் மண்டியிட்டாள்.

"பெரியப்பா... தப்புதான். நான் பண்ணதுதான். அவரு ஒரு பாவமும் பண்ணலை. குடிங்க பெரியப்பா. அவரை விட்டுடுங்க."

செம்பில் அசைவில்லை.

"தினமும் வைக்கிறேன். நான் எங்க இருந்தாலும் உங்களுக்கு வைக்கிறேன். என் உசுரு உள்ள மட்டும் வைக்கிறேன். என்னோடயே வந்துடுங்க. அவரை மட்டும் விட்டுடுங்க!"

தண்ணீரின் மேல் மெல்லிய நடுக்கம் ஓடியது.

மட்டம் இறங்கியது.

ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. செம்பின் கழுத்துக்குக் கீழே போய், வயிற்றுக்குப் போய், அடியில் போய் நின்றது. காலியான பித்தளைக்குள்ளிருந்து நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது.

பின்னால் அகரன் இருமினான். "தண்ணி குடு இனியா" என்றான், அவனுடைய சொந்தக் குரலில். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சிறுநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் திரும்பத் திரும்ப ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தபடி வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். செம்பைக் கேட்டு யாரும் வரவில்லை. பெரியவரின் மகன் காரியத்தைக்கூட ஆள் வைத்துத்தான் முடித்தான் என்று நௌஷின் சொன்னாள். இனியா செம்பைத் துணிப்பைக்குள் போட்டு வரிச்சிக்குடிக்குக் கொண்டுவந்தாள். தினமும் விளக்கேற்றியதும் தண்ணீர் பிடித்துத் தன் கட்டில் ஓரத்தில் வைப்பாள். விடியும்போது செம்பு காய்ந்து கிடக்கும். முதலில் நடுக்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வீட்டில் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. அகரன் குடியை விட்டான். வயிற்றில் பிள்ளை உதைக்கத் தொடங்கியது. "தாகம்னா இப்படியா, செம்புத் தண்ணியையும் ஒத்தையாக் குடிக்கிற?" என்று அஞ்சுகம் கேலி செய்வாள். இனியா வெறுமனே சிரித்துவைப்பாள். உள்ளதைச் சொன்னால் மாமியார் அந்தச் செம்பை வீட்டில் வைத்திருப்பாளா?

சொல்லியிருக்க வேண்டும். அதுதான் அவள் செய்த தப்பு.

ஏழாம் மாத ஸ்கேனுக்கு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். அகரன் அவளை வாசலில் இறக்கிவிட்டு, மாத்திரை வாங்க எதிர்ப்பக்கக் கடைக்குப் போயிருந்தான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு அஞ்சுகத்திடமிருந்து போன் வந்தது.

"ஏ புள்ள, கீழத்தெருப் பங்காளி வீட்டுல பெரியவரு போயிட்டாரு. நீ நேரா வீட்டுக்கு வா, அங்கல்லாம் போவாத. மாசமா இருக்க."

"சரிங்க அத்தை."

"தீட்டுல்ல, வீட்டுல இருந்த தண்ணியெல்லாம் கொட்டிட்டேன். அண்டா, குடம், ஒண்ணு விடலை. நேத்து வச்ச தண்ணி உன் செம்புல அப்புடியே இருந்துச்சு. என்னடி, குடிக்கலையா? அதையும் கொட்டிக் கவுத்துட்டேன்."

இனியாவின் கையிலிருந்து போன் நழுவியது.

அப்படியே இருந்தது. கிளம்புகிற அவசரத்தில் காலையில் அவள் செம்பைப் பார்க்கவில்லை. நேற்று பெரியப்பா குடிக்கவில்லை. வேறெங்கோ வாய் வைக்கத் தொடங்கிவிட்டாரா? என்னோடயே வந்துடுங்க என்று கூப்பிட்டது அவள்தானே. அவள் எழுந்து ஓட நினைத்தாள். அதற்குள் நௌஷின் வந்து கையைப் பிடித்தாள். "உங்க முறை வந்தாச்சு, வாங்க. ஏன் இப்புடி வேர்த்திருக்கு? பயப்படாதீங்க, ஸ்கேன்தானே?"

இருட்டறை. வயிற்றின் மேல் சில்லென்று பசை. டாக்டர் சிவராமன் அவளை அடையாளம் கண்டு சிரித்தார்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? தங்கமா இருக்காரா? சரி, பாப்பாவைப் பாப்போம். இதோ தலை. இதோ முதுகெலும்பு. துடிப்பு நல்லா இருக்கு. பாப்பாவைச் சுத்திக் கறுப்பா இருக்கே, அது..."

"தெரியும் டாக்டர்" என்றாள் இனியா. "அது அத்தனையும் தண்ணி."

"பனிக்குடத் தண்ணி. அதுலதான் பாப்பா மிதந்துக்கிட்டு..." அவர் பேச்சு நின்றது. கருவியை அழுத்தினார். பக்கவாட்டில் நகர்த்தினார். மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். "கொறைவா இருக்கே. போன மாசம் நல்லா இருந்துச்சே. ஏம்மா, தண்ணி ஒழுங்காக் குடிக்கிறியா?"

"டாக்டர், ஒரு செம்புத் தண்ணி வேணும். சீக்கிரம். எனக்கில்லை. கீழ வைங்க, தரையில வைங்க..."

"அசையாதம்மா, அசையாத. நௌஷின், இங்க பாரு. என்னது இது, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

திரையில் குழந்தையின் முகத்தைச் சுற்றியிருந்த கறுப்பு மெல்லச் சுருங்கியது. நின்றது. ஒரு மடக்கு விழுங்கும் நேரம். மறுபடி சுருங்கியது.

இனியா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

பொத்திய உள்ளங்கைகளுக்கு அடியிலிருந்து, உள்ளேயிருந்து, அந்தச் சத்தம் கேட்டது.

ச்சப்.